சேர்மன் சம்பந்தியான கதை

ஆலங்குடியில் ஒரு கல்யாண மண்டபம். மேடையின் பின்திரையில் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். முகத்தில் அப்பியிருந்த பவுடர் வியர்வையில் குழைந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பக்கத்தில் ரோசா அம்மாள். டெக்சாஸிலிருந்து வந்திருந்த மெக்சிகோ வம்சத்துப் பெண்மணி. அறுபதைத் தாண்டியவர். பூவேலை செய்த நீளப் பாவாடை, தோளில் கறுப்புச் சால்வை, கொண்டையில் எங்கள் ஊர்க் கதம்பம். திரைக்கு அந்தப் பக்கம், மைக்கைப் பிடித்தபடி ஊரின் தனியார் பள்ளிக்கூடத்துச் சேர்மன்.

"ஸ்பானிஷ் மொழி எங்கிருந்து வந்தது? நான் கேட்கிறேன், எங்கிருந்து வந்தது? இதோ, இந்த மண்ணிலிருந்து போனது!"

முன்வரிசை கைதட்டியது. முன்வரிசை முழுக்க அவருடைய பள்ளிக்கூடத்து வாத்தியார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்று ரோசா ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்களை வரவேற்கிறார்."

"இன்னுமா?"

நான்கு மணிக்கு ஆரம்பிப்பதாக நோட்டீஸ் அடித்த விழா, சேர்மன் வந்து சேர்ந்தபோது ஐந்தரை. பிறகு பொன்னாடை. அவருக்கு நாங்கள் போர்த்தினோம். அவர் எங்களுக்குப் போர்த்தினார். அவருக்குப் போர்த்த வரிசையில் நின்றவர்களுக்கு அவர் திருப்பிப் போர்த்தினார். சால்வைகள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்துகொண்டிருந்தன. இப்போது ஏழு மணி. எட்டு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்து தரவேண்டும். மறுநாள் காலை அங்கே ஒரு முகூர்த்தம்.

மண்டப மேனேஜரிடம் ஏற்கெனவே கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

"சேர்மன் பேச்ச நிப்பாட்டச் சொல்ல எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு டீச்சர்? மண்டபமே அவரு மச்சானோடது. ஆனா எட்டுக்கு டெக்கரேஷன்காரன் வந்துருவான், சொல்லிப்புட்டேன்."

எங்கள் நாடகம் ஒரு மணி நேரம். மூலையில் கல்யாணப்பெண் வேஷத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் அமுதா. அவளுக்கு அந்த நாடகத்தில் ஒரே ஒரு வசனம். அது கடைசி நிமிடத்தில் வருகிறது. சேர்மன் தின்றுகொண்டிருந்தது அந்த நிமிடத்தைத்தான்.

டெக்சாஸில் ஒரு போலீஸ்காரர்

இந்த வம்பு எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா மகன் அருள், கம்ப்யூட்டர் வேலைக்காக டெக்சாஸ் போனவன். அங்கே அவன் குடியிருந்த தெருவில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள்தான் அதிகம். பக்கத்து வீடு ரோசாவுடையது. பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். மாலையில் நாடகக் குழு நடத்துவார். அவர் கணவர் எர்னெஸ்டோ ஏசி மெக்கானிக். குழுவுக்குக் கிதார் வாசிப்பவரும் அவரே. நடிகர்களெல்லாம் தெருக்காரர்கள்தான்.

ஒருநாள் போலீஸ்காரராக நடிக்க வேண்டியவர் வராமல் போக, குப்பை போட வெளியே வந்த அருளை இழுத்துக்கொண்டு போய்த் தொப்பி மாட்டிவிட்டார்கள். வசனம் கிடையாது, நிற்க வேண்டியதுதான். அன்றைக்கு நின்றவன், அந்த ஊரில் இருந்தவரை அந்தக் குழுவிலேயே நின்றுவிட்டான்.

அவர்களுடைய நாடகங்களில் பாதி வசனம் ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம். பெரியவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் அரைகுறை. "சிரிப்பு ரெண்டு தவணையா வரும்க்கா" என்று அருள் சொல்வான். "மொதல்ல பெருசுங்க சிரிக்கும். என்னன்னு கேட்டுட்டுப் பிள்ளைங்க சிரிக்கும். அடுத்தது இங்கிலீஷ் வசனம்னா அப்படியே தலைகீழா நடக்கும்." ஒரு வீட்டுக்குள் மொழி தெரியாமல் பிரிந்து கிடந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிற வேலை அது.

இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊருக்கு இது எப்படி வந்து சேரும் என்பது அப்போது தெரியவில்லை.

திருடனும் இங்கிலீஷ் பேசுவான்

ஊருக்குத் திரும்பிய அருள், வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, 'இருகரை' என்று ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினான். தமிழும் ஆங்கிலமும் கலந்த நாடகம். எந்த ஆற்றுக்குக் கரை என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் பக்கம் தண்ணீர் ஓடுகிற ஆற்றைப் பார்த்து நாளாகிவிட்டதால் கேள்வி நியாயமானதுதான்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டான். முதல் ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் அலைமோதியது. கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப் போனேன். ஓர் அப்பா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து விவரம் கேட்டார்.

"நாடகமெல்லாம் இருக்கட்டுங்க டீச்சர். பாப்பாவுக்கு இங்கிலீஷ் வசனம் எத்தன வரும்?"

அவ்வளவுதான் எங்கள் கலை. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், மேக்கப்போடு.

தமிழ் வசனம் பேச ஆள் கிடைக்கவில்லை. ராஜா வேஷம் தமிழில் பேச வேண்டும் என்றதும் ராஜா ராஜினாமா செய்தார். வேலைக்காரனுக்கு ஆங்கிலம் என்று தெரிந்ததும் அந்த வேஷத்துக்கு அடிதடி. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் நடராஜன் ஒருவர்தான் எது கொடுத்தாலும் செய்வார். அவருக்குத் திருடன் வேஷம் கொடுத்தோம். அவரும் ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"டீச்சர், திருடன்னா படிச்சிருக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லீல்ல? ஒரு ரெண்டு வரி இங்கிலீஷ்ல திருடிக்கிறேனே."

அந்த நாடகத்தை மணமேல்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் போட்டோம். மீன்பிடிக்கிற சனங்கள், கடற்கரை மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் வசனம் வந்தால் மேடையைப் பார்த்தார்கள். ஆங்கிலம் வந்தால், டிவியில் விளம்பரம் வந்த மாதிரி பக்கத்து ஆளோடு திரும்பிப் பேசினார்கள். தமிழ் வந்ததும் மறுபடி திரும்பினார்கள். கோபமே இல்லாமல், பொறுமையாக. நடராஜன் இங்கிலீஷில் திருடிய அந்த இரண்டு வரியை யாருமே கவனிக்கவில்லை. திருடனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அருள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் ரோசாவுக்குப் போன் போட்டான். அவர் சிரித்துவிட்டு, "உங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத மொழியில் போடு. அப்போது எல்லோரும் சமம்" என்றாராம். "நானே வருகிறேன்" என்றாராம். வந்தேவிட்டார்.

நாதியே

ரோசாவும் எர்னெஸ்டோவும் அருள் வீட்டு மாடியில் தங்கினார்கள். எங்கள் வீட்டு மிளகாய்ச் சட்னியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது குழந்தைகளுக்கா என்று ரோசா கேட்டதில் என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முந்திரிப்பருப்பை அவர்கள் ஊரில் 'இந்தியாவின் கொட்டை' என்று சொல்வார்களாம். முந்திரியே அவர்கள் கண்டத்திலிருந்து இங்கே வந்ததுதான் என்று அருள் சொன்னான். யார் யாருக்குச் சொந்தம் என்று பார்த்தால் தலை சுற்றும்.

ரோசா எழுதிய நாடகம் ஒரு கல்யாணப் பேச்சு. பெண்ணின் அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கல்யாணம் நின்றுவிடக்கூடாது என்பதற்காக அவள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். ரோசா மாப்பிள்ளையின் அம்மா. நடராஜன் பெண்ணின் அப்பா. பொய் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் நான். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பது இந்த வேஷத்துக்கு ஒரு தடையே இல்லை.

கல்யாணப்பெண் அமுதா. நிஜத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லேப்பில் டெக்னீஷியன். இங்கிலீஷுக்காக வராமல் நடிப்பதற்காகவே எங்களிடம் வந்த ஒரே ஆள். நாடகம் முழுக்க அவள் வாய் திறப்பதில்லை. எல்லாம் பேசி முடிந்து தட்டு மாற்றப் போகும்போது எழுந்து நின்று, 'என்னை யாருமே கேட்கவில்லை' என்று இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும்.

"ஆ மீ, நாதியே மே ப்ரெகுந்தோ" என்று ரோசா சொல்லிக் காட்டினார்.

அமுதா கண்ணை அகல விரித்தாள். "நாதியேவா? அப்படின்னா என்னாங்க டீச்சர்?"

நான் ரோசாவிடம் கேட்டுச் சொன்னேன். "யாரும் இல்லைன்னு அர்த்தமாம்."

"அட! நாமளும் அதத்தானே சொல்றோம்? கேக்க நாதி இல்லைன்னு!"

அதன்பின் அவளுக்கு அந்த வரி மறக்கவே இல்லை. ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அதை முணுமுணுக்கிறாள் என்று லேப்புக்கு வந்தவர்கள் புகார் சொன்னார்கள்.

ஒத்திகையின் நடுவில்தான் அவளுக்கு அரிமளத்திலிருந்து ஒரு வரன் வந்து முடிவாயிற்று. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கல்யாணத்துக்கு அப்புறம் நாடகம் கீடகம் எதுவும் கூடாது. அமுதாவின் அப்பா சரி என்று சொல்லிவிட்டு, மகளிடம் வந்து, "ஒனக்கும் சம்மதம்தானேத்தா?" என்று கேட்டார். சொன்ன பிறகு கேட்டார்.

"இது கடைசி நாடகம் டீச்சர்" என்று அமுதா என்னிடம் சொன்னாள். "ஒரு வரின்னாலும் அத ஒழுங்காச் சொல்லிட்டுப் போயிரணும்."

மேசையால் வந்த வினை

சேர்மனை அழைத்தது மண்டபத்துக்காக. தாளாளர், கல்வித் தந்தை, இன்னும் என்னென்னவோ அவர். அவருடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தமிழில் பேசினால், நான் தமிழ் பேசினேன் என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி வராண்டாவில் நிற்க வைப்பார்கள். மேடை ஏறினால் தமிழ்த்தாயைப் பற்றித் தவிர வேறு எதையும் பேசமாட்டார்.

அழைக்கப் போன இடத்தில் அருள் சும்மா இருந்திருக்கலாம். மேசைக்கு ஸ்பானிஷிலும் 'மேசா'தான் என்றும், பாதிரியார் என்ற சொல்லுக்கும் அவர்களிடம் 'பாத்ரே' என்று ஒரு சொந்தம் இருக்கிறது என்றும் ஆசையாகச் சொன்னான். போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்த சொற்கள் இவை என்றும் சொன்னான். சேர்மன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். கப்பலை அப்படியே திருப்பிவிட்டார்.

"மேசையில் உணவருந்தக் கற்றுக்கொடுத்தவன் தமிழன்!" என்று மைக் அலறிக்கொண்டிருந்தபோது மணி ஏழே கால். இனி சங்ககாலத்துக்குப் போய்த்தான் திரும்புவார் போலிருந்தது.

மேடையில் ஒரு நாற்காலி

ரோசா அமுதாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையில் வைத்திருந்த ரோஜாப்பூவைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரோசா சால்வையை இழுத்துப் போர்த்தினார். எர்னெஸ்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். என் கையை இறுகப் பிடித்தார். அடுத்த நொடி நாங்கள் மேடை வெளிச்சத்தில் இருந்தோம். எர்னெஸ்டோ கிதாரை முழக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ரோசா நேராகச் சேர்மன் முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, நாடகத்தின் முதல் வசனத்தைப் பேசினார். அது சம்பந்தியைப் பார்த்துச் சொல்கிற வசனம். 'வந்ததிலிருந்து நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சாப்பாடு உண்டா இல்லையா?' என்று அர்த்தம். வயிற்றைத் தடவிக் காட்டினார். வாய் மூடாமல் பேசுவதைக் கையால் அபிநயித்தார். ஸ்பானிஷ் தெரியாத ஆலங்குடிக்கு ஓர் எழுத்து விடாமல் புரிந்தது.

சேர்மன் மைக்கைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "அம்மா என்ன சொல்றாங்க?"

எனக்குத் தெரிந்த ஒரே வசனத்தை, ஒத்திகையில் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"சம்பந்தி பேச்சு தேனா இனிக்குதுன்னு சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் பேசச் சொல்றாங்க."

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். சேர்மனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் தனக்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. அது போதும் அவருக்கு. கும்பிட்டார். ரோசா அந்தக் கும்பிட்ட கைகளை அப்படியே பிடித்து, நடத்திக்கொண்டு போய், பெண்ணின் அப்பாவுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். போகிற போக்கில் மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது திரைக்குப் பின்னால் நடராஜன் வேஷம் போச்சே என்று தவித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக வந்து, சேர்மன் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"அண்ணனுக்குப் பேச்சு கொஞ்சம் கம்மி" என்றார் சபையைப் பார்த்து. "எதுனாலும் தம்பி நான்தான் பேசுவேன்."

அதற்கு எழுந்த சிரிப்பில் கொஞ்ச நேரம் நாடகம் நடத்த முடியவில்லை. எழுந்து போனால் அவமானம், உட்கார்ந்திருந்தால் பெருமை. சேர்மன் உட்கார்ந்திருந்தார்.

நாடகம் ஓடியது. ரோசா திட்டினார்; நான் கொஞ்சினேன். நடராஜன் அண்ணன் பேரில் சத்தம் போட்டார். நான் பாராட்டாக மாற்றினேன். மூன்றாவது வரிசையில் அரிமளத்துச் சம்பந்தியம்மா, அதாவது அமுதாவின் நிஜ மாமியாராகப் போகிறவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரியாக எட்டு மணிக்கு டெக்கரேஷன்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரையும் கேட்காமல் வாழைமரத்தோடு மேடையேறினார்கள். ஒருவர் பூச்சரம் கட்ட ஏணி போட்டார். நான் பதறினேன். ரோசா பதறவில்லை. வாழைமரம் கொண்டுவந்தவரைக் கட்டிப்பிடித்து மச்சான் முறை கொண்டாடினார். அந்த ஆள் கூச்சத்தில் நெளிந்துகொண்டே மரத்தைக் கட்டினார். எங்களிடம் செட் போட வசதி இல்லை. எங்கள் கண்ணெதிரே நிஜமான கல்யாண மேடை ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

அந்த மேடையில், மல்லிகை வாசத்துக்கு நடுவில், அமுதா எழுந்தாள்.

அவள் அவசரப்படவில்லை. எல்லோரும் அடங்கும்வரை நின்றாள். "ஆ மீ, நாதியே மே ப்ரெகுந்தோ" என்றாள் ரோசாவிடம். கூட்டத்தில் யாரோ, "நாதியேங்குது!" என்றார்கள். பிறகு நாற்காலியின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, என்னையக் கேக்க ஒரு நாதி இல்ல."

இதற்கு நடராஜன் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். அதற்குள் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமல், மேடைத் தமிழ் இல்லாமல்.

"ஆமால்ல. கேட்டுருக்கணும்ல?"

சேர்மன்தான். அவருக்கு மூன்று பெண்கள், மூவருக்கும் அவரே பார்த்துக் கட்டிவைத்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சின்ன பேச்சு அதுதான். அதற்குத்தான் முன்வரிசையைத் தாண்டியும் கைதட்டல் கிடைத்தது.

இறங்கி வந்த பிறகு ரோசாவிடம், உங்களுக்கு எப்படி இந்தத் துணிச்சல் வந்தது என்று கேட்டேன்.

"எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு கவுன்சிலர் உண்டு" என்றார் பொட்டை அழித்துக்கொண்டே. "அவரை மேடையில் பிண வேஷத்தில் படுக்க வைத்துவிட்டோம். உங்களுடையவருக்கு நாற்காலியாவது கிடைத்தது."

ஒரே ஒரு விமர்சனம்

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. 'உலக நாடக மேடையில் கல்வித் தந்தை' என்று தலைப்பு. பொன்னாடையோடு படம். ரோசாவை 'வெளிநாட்டுப் பிரமுகர்' என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அமுதா பேரும் இல்லை, நாடகத்தின் பேரும் இல்லை. சேர்மன் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷம் ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம். கழுத்து அட்டை மட்டும் அப்படியேதான் இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ரோசாவும் எர்னெஸ்டோவும் கிளம்பிப் போனார்கள். அதற்கு முன்னாலேயே தரகர் அமுதா வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். அரிமளத்தம்மா சொல்லியனுப்பிய சேதியை அவர் ஒரு சொல் கூட்டாமல் ஒப்பித்தாராம்.

"பொண்ணு ரொம்ப நல்லா நடிக்கிது. அதான் பயமா இருக்கு. இந்தச் சம்பந்தம் வேணாங்க."

அமுதாவின் அப்பா என்னைத் தேடி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வாசலிலேயே நின்றார். "நல்லாத்தான் நடிச்சுச்சு, இல்லீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சுகர் பார்ப்பதற்காக லேப்புக்குப் போனேன். ஸ்பிரிட் வாசம். அமுதா என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கா அமுதா?"

"மொத நாள் அழுதேன் டீச்சர். அம்மா மொகத்தப் பாக்க முடியல. கைய நல்லா மடக்குங்க."

ஊசி இறங்கியது. சிவப்பு மெல்ல ஏறுவதைப் பார்த்தபடியே அவள் பேசினாள்.

"பேப்பர்ல நம்மளப் பத்தி ஒரு வரி இல்ல. வாட்ஸ்அப் பூரா சேர்மன்தான். எங்க சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருந்தாங்க, சேலை நல்லா இருந்துச்சுன்னாங்க. அந்த அரிமளத்தம்மா ஒரு ஆளுதான் டீச்சர், நான் நல்லா நடிச்சேன்னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிச்சிருக்கு."

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தாள்.

"அழுத்திப் பிடிங்க டீச்சர். அடுத்த ஆளு நிக்கிறாங்க."